தங்கமீன் உடம்பில் திடீர்க் கட்டி: எதைப் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

காலையில் தீனி போடப் போய், தொட்டி முன்னால் அப்படியே நின்று, "ஐயோ, இது நேத்து இல்லையே" என்று வாய்விட்டுச் சொன்னவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அந்த வசனம் மூன்று முறை பேசப்பட்டிருக்கிறது. மூன்று முறையும் காரணம் வேறு வேறு. அதில் முதல் முறை, மீனுக்கு வியாதியே இல்லை. நாங்கள் செய்த வைத்தியம்தான் வியாதியாகிவிட்டது.

பையன் முதலில் கேட்டது ஆக்சலாட்டல் என்ற நீர்ச் சாலமாண்டர். சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதித்த பிராணிகளின் பட்டியலில் அது இல்லை என்று சொல்லி, சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் கூட்டிப்போய் ஓர் ஒராண்டா தங்கமீனை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தோம். லட்டு என்று பெயர் வைத்தான். நான்கு மாதத்தில் லட்டுவின் தலையில் வெள்ளை வெள்ளையாகச் சொரசொரப்பு. பூஞ்சை என்று நானே முடிவுகட்டி, மெத்திலீன் புளூ பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். தொட்டியின் ஓரத்து சிலிக்கான் இன்றைக்கும் நீலமாக இருக்கிறது. அது போகட்டும். ஃபில்டரில் குடியிருந்து, மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அந்த மருந்தில் செத்துப்போய், அம்மோனியா ஏறி, மீன் மூன்று நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தலையில் இருந்தது என்ன தெரியுமா? ஒராண்டா வளர வளர அதன் தலையில் இயல்பாக வரும் கொண்டைச் சதை.

அதனால் பாட்டிலை மூடி வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியதைப் பார்ப்போம்.

பெயர் தேடுவதற்கு முன்னால்

மீனை வலையில் அள்ளாதீர்கள். வலை உரசினால் உடம்பின் மேலிருக்கும் வழவழப்புப் படலம் போய்விடும், கட்டி கீறியும் விடும். பெரிய தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கி, மீனை அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, மேலிருந்து ஒரு படம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம். டப்பாவின் பின்பக்கம் பிள்ளைகளின் பள்ளிக்கூட ரூலரை ஒட்டிவிட்டால் அளவும் படத்திலேயே வந்துவிடும். தேதியை எழுதி வையுங்கள். "பெரிசான மாதிரி இருக்கு" என்று கண் சொல்வதை நம்ப முடியாது. தொட்டிக் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் காட்டும்.

அடுத்தது தண்ணீர். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே. சொட்டுச் சொட்டாக விட்டுக் குழாயில் நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். தாள் பட்டையைவிட அது நம்பகமானது.

நம் ஊரில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்துக்காக இருப்பது குளோராமின். வாளியில் ஓர் இரவு பிடித்து வைத்தால் பறந்துபோவது குளோரின். குளோராமின் அப்படி ஓர் இரவில் போகாது. ஊரில் தாத்தா காலத்தில் வாளித் தண்ணீரிலேயே மீன் வளர்த்தோமே என்றால், அந்தத் தண்ணீர் வேறு. குளோராமினை உடைப்பதோடு, அதிலிருந்து பிரியும் அம்மோனியாவையும் கட்டிப்போடும் ஆன்டி-குளோரின் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். லேபிளில் குளோராமின் என்ற சொல் இருக்க வேண்டும்.

வெப்பமும் கவனத்தில் இருக்கட்டும். தங்கமீன் குளிர்ந்த நீர்ப் பிராணி. இருபது டிகிரியை ஒட்டி இருந்தால் அதற்கு நிம்மதி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மதியம் தொட்டியில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், 29, 30 என்று நிற்கும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மூச்சுக்கே திண்டாடும் மீன் சிறு காயத்தைக்கூடத் தாங்காது. தண்ணீர் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறையும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐஸ் போடாதீர்கள்.

அம்மோனியா தெரிந்தால், கட்டி எதுவாக இருந்தாலும் சரி, முதல் வைத்தியம் தண்ணீர் மாற்றுவதுதான். இனி அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

தலை முழுக்கச் சொரசொரப்பான சதை

ஒராண்டா, ரான்சூ, லயன்ஹெட் வகை என்றால் அது கொண்டை. மெல்ல வளரும், தலை முழுக்கப் பரவலாக இருக்கும், வளரும் இடத்தில் வெண்மையாகத் தெரியும். எங்கள் வீட்டு நீலத் தொட்டியின் கதை இதுதான். கண்ணை மூடும் அளவுக்கு வளர்ந்து மீன் தீனியைத் தேடித் தடுமாறினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள், வெட்டிச் சீராக்குவார்கள். வீட்டுக் கத்தரிக்கோலுக்கு இதில் வேலை இல்லை.

வெள்ளைப் புள்ளிகள், மணல் தூவியது போல

எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. செவுள் மூடியிலும், முன்பக்கத் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருந்தால், உங்கள் மீன் ஆண், இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. வாழ்த்துச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

வால், துடுப்பு, முதுகு என்று ஒழுங்கில்லாமல் இறைந்திருந்து, மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பைத் தேய்த்தால் அது வெண்புள்ளி நோய். இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. விழுந்து, பெருகி, தண்ணீரில் நீந்தித் திரியும் நேரத்தில்தான் சாகும். அதனால்தான் "மருந்து போட்டும் புள்ளி போகலையே" என்று இரண்டாம் நாளே டோஸைக் கூட்டக்கூடாது. நம் வெப்பத்தில் இதன் சுற்று சில நாளிலேயே முடிந்துவிடும், குளிர் நாடுகளில் வாரக்கணக்கில் இழுக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் "ஹீட்டர் வைத்து 30 டிகிரிக்கு ஏற்று" என்று இருக்கும். நம் தொட்டி ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது. மேலே ஏற்றினால் மீனுக்குத்தான் ஆபத்து.

உப்பு போதும். லிட்டருக்கு 3 கிராம். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60-க்கு 30 தொட்டியில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 54 லிட்டர், 162 கிராம் உப்பு. தேக்கா சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கல்லுப்பே போதும். சமையல் தராசில் நிறுத்து, மூன்று பங்காக்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பங்காகக் கரைத்து ஊற்றுங்கள். செடி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், உப்பில் அழுகிவிடும். உப்பு ஆவியாகாது என்பதை மறக்கவேண்டாம்: வற்றிய தண்ணீருக்கு வெறும் தண்ணீர், மாற்றிய தண்ணீருக்கு மட்டும் அந்த அளவுக்கு உப்பு. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் அப்படியே வைத்திருங்கள்.

தொண்டை புடைத்திருக்கிறது, வாய் மூடவில்லை

எங்கள் இரண்டாவது "நேத்து இல்லையே" இதுதான். பையன் ஓடிவந்து, "அப்பா, லட்டுக்குத் தொண்டையில கட்டி!" என்றான். தாடைக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்குப் புடைப்பு. வாய் வட்டமாகத் திறந்தபடியே இருந்தது. தீனியைத் தேடி வருகிறது, வாயில் வாங்குகிறது, உடனே துப்பிவிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஏதோ மின்னியது. தொட்டித் தரையில் நாங்கள் ஆசையாகப் போட்ட கூழாங்கல்.

தங்கமீன் தரையை வாயால் அள்ளி, வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். வாய் அகலத்துக்குச் சரியாக ஒரு கல் அமைந்துவிட்டால் மாட்டிக்கொள்ளும். சில சமயம் ஒரு நாளில் தானே துப்பிவிடும். மறுநாளும் அப்படியே இருந்தால் நாம்தான் கைகொடுக்க வேண்டும்.

கையைத் தொட்டித் தண்ணீரில் நன்றாக நனையுங்கள், சோப்பு வாசம்கூட இருக்கக்கூடாது. கீழே தண்ணீர் நிரப்பிய பேசின் வைத்துக்கொள்ளுங்கள். மீனை உள்ளங்கையில் பிடித்துத் தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாயுங்கள். கட்டைவிரலால் தொண்டைப் புடைப்பின் பின்பக்கத்திலிருந்து வாயை நோக்கி மெதுவாக, பல் துலக்கும் பசையைப் பிதுக்குவதைவிட மென்மையாக அழுத்துங்கள். இருபது முப்பது விநாடிக்கு மேல் மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கக்கூடாது. வரவில்லையா, மீனைத் தண்ணீரில் விட்டு, மூச்சு வாங்க நேரம் கொடுத்து, மறுபடி முயலுங்கள். எங்களுக்கு மூன்றாவது தடவையில் வந்தது. பேசின் அடியில் 'டிங்' என்று ஒரு சத்தம். அன்று ராத்திரி மீன் சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க வேண்டும்.

இடுக்கியை உள்ளே விட்டு நோண்டவேண்டாம். உள்ளே செவுள் இருக்கிறது, கிழிந்தால் ரத்தம் நிற்காது. மூன்று நான்கு முறைக்கு மேலும் வரவில்லை என்றால் மருத்துவர். தரைக்கு மெல்லிய மணல் போடுங்கள், இல்லையென்றால் மீனின் வாயைவிடப் பெரிய கல். இரண்டுக்கும் நடுவிலுள்ள கல்தான் தொல்லை.

சிவந்த முடிச்சு, அதிலிருந்து நூல் தொங்குகிறது

நங்கூரப் புழு. பெயர்தான் புழு, உண்மையில் இறால், நண்டின் தூரத்துச் சொந்தம். தலையை மீனின் சதைக்குள் நங்கூரம் போல இறக்கிவிட்டு உடம்பை வெளியே தொங்கவிட்டிருக்கும். நூலின் நுனியில் இரண்டு சின்னப் பைகள் தெரிந்தால் அவை முட்டைகள். இடுக்கியால் சதைக்கு ஒட்டிய இடத்தில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் சீராக இழுத்தால் முழுசாக வரும். பாதியில் அறுந்தால் உள்ளே தங்கிய தலை சீழ் பிடிக்கும். எடுத்த இடத்தில் நீர்த்த போவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டு வைக்கலாம், செவுள் பக்கம் போகாமல்.

ஒன்றை எடுத்ததோடு வேலை முடியவில்லை. குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும். தொட்டி முழுவதற்கும் ஒட்டுண்ணி மருந்து, லேபிளில் உள்ள இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டாக வேண்டும். மருந்து போட்டே ஆகவேண்டிய சில இடங்களில் இது ஒன்று. புதிதாக வாங்கிய மீனோடுதான் இது பெரும்பாலும் வீட்டுக்குள் வரும். மூன்று நான்கு வாரம் தனி வாளியில் வைத்திருந்து பிறகு சேர்த்தால் இந்தத் தலைவலியே இல்லை.

மெழுகு சொட்டியது போல வழவழப்பான திட்டு

கெண்டை அம்மை என்ற வைரஸ் இப்படி வரும், ஆனால் அது குளிர்ந்த தண்ணீரின் நோய், வெப்பத்தில் அடங்கிவிடும். இங்கே பார்க்க வாய்ப்புக் குறைவு. 'காலிஃபிளவர் மாதிரி இருந்தால் லிம்ஃபோசிஸ்டிஸ்' என்று ஒரு குறிப்பும் சுற்றும். அந்த வைரஸ் கெண்டைக் குடும்பத்து மீன்களை விட்டுவிடுகிறது. தங்கமீன் அந்தக் குடும்பம்தான். அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த பத்தியைப் படியுங்கள்.

ஒரே இடத்தில் கெட்டியான உருண்டை, தோல் கிழியவில்லை, மீன் குஷியாக இருக்கிறது

லட்டுவின் மூன்றாவது கட்டி. வாலின் அடிப்பகுதியில், செதிலுக்குக் கீழே, பட்டாணியில் பாதி. பொங்கல் சமயத்தில் எடுத்த படத்தில் ரூலர்ப்படி 4 மில்லிமீட்டர். தீபாவளிக்கு 7.

தங்கமீனுக்குத் தோலிலும் நரம்பு உறையிலும் கட்டி வருவது அபூர்வமில்லை. பலவும் அந்த இடத்திலேயே மெல்ல வளருமே தவிர மீனின் உயிரைக் குடிக்காது. தண்ணீரில் ஊற்றும் எந்த மருந்தும் இதைக் கரைக்காது. கடையில் "இதை ட்ரை பண்ணிப் பாருங்க" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். நூலால் இறுக்கிக் கட்டுவது, ஊசியால் குத்துவது எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். செய்யாதீர்கள், மூடியிருக்கும் தோல்தான் அதற்குப் பாதுகாப்பு. திறந்துவிட்டால் பாக்டீரியா நுழைய வழி கிடைக்கும்.

மீனுக்கு அறுவை சிகிச்சை உண்டா என்று சிரிப்பார்கள். உண்டு. மயக்க மருந்து கலந்த தண்ணீரை வாய் வழியாகச் செவுளுக்குள் ஓடவிட்டபடி, ஈரத் துணியில் படுக்கவைத்து எடுப்பார்கள். துடுப்பின் நுனியிலோ முதுகிலோ காம்பு போன்ற பிடிப்போடு இருந்தால் எடுப்பது சுலபம்; கண்ணோரம், செவுளோரம், ஆசனவாய்ப் பக்கம் என்றால் கஷ்டம். எல்லா மருத்துவரும் மீன் பார்க்க மாட்டார்கள், அதனால் கிளம்பும் முன் போன் செய்து "தங்கமீன் பார்ப்பீர்களா" என்று கேளுங்கள். எடுத்த படங்கள், தண்ணீர் அளவுகள் இரண்டையும் கையில் வைத்திருந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் தயார்.

லட்டுவுக்கு நாங்கள் எடுக்கவில்லை. நீந்துவதற்கு இடைஞ்சல் இல்லை, சாப்பாட்டில் குறை இல்லை, பத்து மாதத்தில் 3 மில்லிமீட்டர். மருத்துவரும் "விட்டுவிடலாம், மாதம் ஒரு படம் எடுங்கள்" என்றார். ஒரு வாரத்தில் 2 மில்லிமீட்டர் ஏறியிருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

செதில் தூக்கிச் சுற்றிலும் சிவப்பு, நடுவில் குழி விழுகிறது

இதில் மட்டும் காத்திருக்காதீர்கள். சிறு கீறல் வழியே பாக்டீரியா இறங்கிப் புண்ணாகிறது. இன்று சிவப்பு, நாளை செதில் போகும், அதற்கடுத்த நாள் சதை தெரியும். நம் வெப்பத்தில் இவ்வளவு வேகமாகத்தான் போகும். அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், மேலே சொன்ன உப்புக் கணக்கைத் தொடங்குங்கள், காற்றுக் குமிழி விடும் கல்லைக் கூடுதலாகப் போடுங்கள். மருத்துவரிடம் கேட்டு, மீன் சாப்பிடும் நிலையில் இருந்தால் தீனியில் கலந்தோ, இல்லையென்றால் ஊசியாகவோ ஆன்டிபயாட்டிக். வீட்டில் மிச்சமிருக்கும் மனுஷ மாத்திரையை உடைத்துத் தொட்டியில் தூவுவது மீனுக்கும் உதவாது, ஃபில்டருக்கும் கேடு.

வயிறு உப்பல்

பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் புரியாது, மேலிருந்து பாருங்கள். அதற்காகத்தான் அந்த முதல் படம்.

இரண்டு பக்கமும் சேர்ந்து உப்பி, மலம் நூலாகத் தொங்கினால் மலச்சிக்கலாக இருக்கலாம். இரண்டு நாள் பட்டினி போடுங்கள், பிறகு உறைந்த பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்து நசுக்கிக் கொடுங்கள். தொட்டால் மெத்தென்று, லேசாகக் கோணலாக, ஆனால் மீன் துறுதுறுவென்று இருந்தால் சினை. ஆண் மீன் துரத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பந்து மாதிரி கெட்டியாகப் புடைத்து, மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால் சிறுநீரக வீக்கமாக இருக்கலாம். ஓர் ஒட்டுண்ணி அங்கே குடியேறுவதால் வருவது; இதற்கு நல்ல மருந்து இல்லை.

மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசிப் பழம் போலக் குத்திட்டு நின்றால், உடம்புக்குள் நீர் தேங்குகிறது, சிறுநீரகம் வேலையை விட்டுவிட்டது. சிலது பிழைக்கும், பெரும்பாலானவை பிழைக்காது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முடித்துவைக்க வேண்டிய நிலை வந்தால் மருத்துவர் அதை வலியில்லாமல் செய்வார். எந்த நிலையிலும், "குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், நோயும் அங்கே பரவும்.

கண் பிதுக்கம்

ஒரு கண் மட்டும் என்றால் மீன் எதிலாவது மோதியிருக்கும். சுத்தமான தண்ணீரும் பொறுமையும் போதும். இரண்டு கண்ணும் என்றால் உடம்புக்குள் கோளாறு, வயிற்றையும் செதிலையும் பாருங்கள். டெலஸ்கோப் வகை மீனுக்குப் பிறவியே அப்படி.

உங்கள் விரலில் கட்டி

இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மீன்தொட்டித் தண்ணீரில் இருக்கும் ஒருவகை மைக்கோபாக்டீரியா, கையில் இருக்கும் கீறல் வழியே நுழைந்து இரண்டு மூன்று வாரம் கழித்து விரலிலோ மணிக்கட்டிலோ சிவந்த, வலியில்லாத முடிச்சாகக் கிளம்பும். சில சமயம் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமேல் ஏறும். அதற்கு 30 டிகிரி பக்கம்தான் பிடிக்கும், நம் தொட்டியும் அப்படித்தான். சாதாரணக் களிம்புக்கு அடங்காது, மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். மெலிந்து, முதுகு வளைந்து, ஆறாத புண்ணோடு இருக்கும் மீனைத் தொட்டால் இன்னும் கவனம். பாலிகிளினிக்கில் மருத்துவரிடம் விரலைக் காட்டும்போது, அவர் கேட்காவிட்டாலும், "எங்கள் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது, நான்தான் கழுவுகிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.